முன்னுரையை முதலிற் படிப்பதா?

நம் சங்க நூலகத்தில் புத்தகம் பெற்றுச் செல்லும் தாய்மார் சிலர் அண்மையில் ஒரு குறையைக் கூறினர். குழந்தை ஆவலோடு கதைப் புத்தகத்தைத் திறக்கிறது. அணிந்துரை, வாழ்த்துரை, முன்னுரை எனப் பத்துப் பக்கங்கள் வழிமறிக்கின்றன. புத்தகம் மூடப்பட்டு விடுகிறது. பள்ளியில் இந்தியோ மராத்தியோ பயின்று, வீட்டில் மட்டுமே தமிழ் கேட்டு வளரும் குழந்தைக்கு, எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கும் ஊக்கம் ஓரளவுதான் உண்டு. அது வாழ்த்துரையிலேயே செலவாகிவிட்டால் கதைக்கு எஞ்சுவது யாது?

முன்னுரையே வேண்டா என்று நாம் சொல்ல வரவில்லை. நன்னூலார் பாயிரத்துக்கு முகவுரை, பதிகம், அணிந்துரை என்றெல்லாம் ஏழு பெயர்கள் தந்துள்ளார். ஆசிரியர் பெயர், நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலிய எட்டினை அது உரைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த இலக்கணம். கதையின் முடிவை உடைத்துச் சொல்லுதல் அந்த எட்டில் இல்லை!

ஆயினும் சிலப்பதிகாரப் பதிகம் அதைத்தான் செய்கிறது. கோவலன் கொலையுண்டதும் மதுரை எரியுண்டதும் அங்கேயே சொல்லப்பட்டு விடுகின்றன. இதனால் காப்பியத்தின் சுவை குன்றியதா? இல்லை, மிகுந்தது என்றே கூறுவோம். பதினாறாம் காதையில், மாதரி அளித்த மனையில், கண்ணகி தன் கையாலேயே சமைத்துக் கணவனுக்கு உணவு படைக்கிறாள். அதுவே அவளிடம் அவன் உண்ணும் கடைசி உணவு என்பதை நாம் அறிவோம்; அவள் அறியாள். முன்னரே அறிந்திருப்பதால் அன்றோ அந்த எளிய காட்சி நம் நெஞ்சைப் பிழிகிறது!

ஆனால் இக்கால நாவலின் நிலை வேறு. அடுத்து என்ன நேருமோ என்னும் ஆவலே அங்கு வாசகனை இழுத்துச் செல்கிறது. அறிஞர் ஒருவர் முன்னுரை எழுதப் புகுந்து, இன்னார் இறந்தார், இன்னாரை மணந்தார் என்று ஆராயத் தொடங்கினால் அந்த ஆவல் பாழாகிறது. பழைய ஆங்கில நாவல்களை மறுபதிப்பிடும் பதிப்பகங்கள் சில, கதை அறியாதோர் முன்னுரையைப் பின்னர்ப் படிப்பது நலம் என்று முகப்பிலேயே குறித்து விடுகின்றன. நம் பதிப்பாளரும் இதைப் பின்பற்றலாம். பாராட்டுரைகளைக் கடைசிப் பக்கங்களுக்கு மாற்றினாலும் எவருக்கும் நட்டமில்லை. பாராட்டியவருக்குச் சிறிது வருத்தம் இருக்கலாம்.

ஆசிரியர் தாமே எழுதும் முன்னுரை பெரும்பாலும் இத்தகைய தீங்கு செய்வதில்லை. 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் முன்னுரையில், தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையை நீக்க விழைந்ததை வேதநாயகம் பிள்ளை தெரிவிக்கிறார். அதைப் படித்துவிட்டுக் கதைக்குள் நுழைந்தால் இழப்பு ஏதுமில்லை. 1892-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த சிலப்பதிகாரம் போன்ற பழநூற் பதிப்புகளிலோ, முகவுரை இன்றி உள்ளே செல்வது, விளக்கின்றி இருட்டறையில் புகுவதை ஒக்கும்.

குழந்தைகளுக்கு மட்டும் நம் யோசனை வேறு. புத்தகத்தைக் கையில் கொடுக்குமுன், முதல் அத்தியாயம் தொடங்கும் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகிக் கொடுங்கள். கதை முடிந்தபின், இதை எழுதியவர் யார் என்று குழந்தை கேட்டால், அப்பொழுது முன்பக்கங்களைப் புரட்டிக் காட்டலாம்.