நம் வட்டாரத்துக்கு வந்த வெளிவட்டச் சாலை

சரக்கின் அடக்க விலையில் லாரி வாடகைக்கும் பங்கு உண்டு. எனவே திருமுடிவாக்கம், குன்றத்தூர் வட்டார வியாபாரிகள் வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையை அறிந்திருப்பது அவசியம்.

பெருங்களத்தூரையும் புழலையும் இணைக்கும் 32 கி.மீ. புறவழிச்சாலை நகர நெரிசலை ஓரளவு குறைத்தது. அதற்கும் வெளியே அமைந்தது இந்த 62 கி.மீ. ஆறுவழிச் சாலை. வண்டலூர் – நெமிலிச்சேரி பகுதி 2014-லும், நெமிலிச்சேரி – மீஞ்சூர் பகுதி 2021-லும் திறக்கப்பட்டன. மொத்த அகலம் 122 மீட்டர். இதில் 72 மீட்டர் சாலைக்கும், எஞ்சிய 50 மீட்டர் வருங்கால வளர்ச்சிக்கும் ஒதுக்கப்பட்டவை.

இதன் சிறப்பு சந்திப்புகளில்தான் இருக்கிறது. வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலை, நசரத்பேட்டையில் பெங்களூர் சாலை, நெமிலிச்சேரியில் திருத்தணி சாலை, நல்லூரில் கல்கத்தா சாலை ஆகியவற்றை இது தொடுகிறது. குண்டூர் மிளகாய் ஏற்றிய லாரி நல்லூரில் திரும்பினால், நகருக்குள் நுழையாமலே நம் பக்கம் வந்துவிடலாம். பகல் நேரக் கனரக வாகனத் தடைக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

ஆனால் சுங்கச் சாவடிகள் உண்டு. வாடகை பேசும்போதே சுங்கம் யார் பொறுப்பு என்று தெளிவாக்கிக் கொள்ளுங்கள். பத்து மூட்டைக்குத் தனி வண்டி கட்டுப்படியாகாது. நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே லோடாக வரவழைத்தால் மூட்டைக்கு விழும் செலவு குறையும். சாலை அருகில் வந்தால் மட்டும் போதாது. அதன் லாபம் நம் கல்லாவுக்கும் வர வேண்டுமல்லவா?