தோள்தாங்கியும் துலாக்கோல் நெறியும்

இடுக்கி மாவட்டத்து உடும்பஞ்சோலை வட்டம் ஏலத்துக்குப் பெயர்பெற்றது. இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் 1978-இல் இவ்வட்டத்து மயிலாடும்பாறையில் நிறுவப்பெற்றது. இங்குள்ள சரிவான தோட்டங்களில் பயிர்நோயைப் படம்பிடித்து விவசாயிகளுக்குக் காட்ட விழையும் ஊழியர்க்கு முக்காலியை நிறுத்தச் சமதளம் எளிதிற் கிட்டாது. ஆகவே வீடியோ காமிரா தோளுக்கு ஏறுகின்றது.

தோள்தாங்கி ஒரு நெம்புகோலேயாகும். தோளே அதன் ஆதாரப்புள்ளி. 2 கிலோகிராம் காமிரா தோளுக்கு 30 செ.மீ. முன்னே நிற்பின், அது கீழ்நோக்கிச் சாயும் திறனைக் கைகளும் இடுப்புமே தடுத்து நிறுத்த நேரும். சிறிது நேரத்தில் கை நடுங்கும், படமும் நடுங்கும். சரிவில் கால் இடறவும் கூடும். பின்புறம் 20 செ.மீ. தொலைவில் 3 கிலோகிராம் எடையைக் கட்டினால் துலாக்கோல் போலச் சமநிலை உண்டாகும். ஆயின் தோள் 5 கிலோகிராம் சுமக்கும். 40 செ.மீ. தொலைவாயின் 1½ கிலோகிராமே போதும். இதைக் கேட்டு மகிழ்ந்து கம்பியை மேலும் நீட்டுவோர் உளர். திரும்பும்போது அது ஏலத்தண்டுகளில் சிக்குவதைப் பின்னரே உணர்வர். 30 செ.மீ. அளவே இத்தோட்டங்களுக்குப் பொருந்தும். வெற்று இரும்பினும் மின்கலத்தையே பின்னெடையாக்குதல் சிக்கனமானது. தோளில் அமரும் மெத்தை அகலமாயின் அழுத்தம் குறையும். தாங்கியை உருண்டைக் கழியொன்றின் மீது கிடத்தி, சாயாது நிற்குமிடத்தைக் கண்டு, மெத்தையை அவ்விடத்தே பொருத்துக.

ஏலத்தின் பூங்கொத்தோ செடியின் அடியில் தரையையொட்டித் தோன்றுவது. அதனைத் தோளுயரத்திலிருந்து எடுப்பதாற் பயனில்லை. அங்குக் காமிராவைக் கழற்றி மணற்பையின்மேல் வைத்தல் வேண்டும். எனவே காமிராவைப் பிணைக்கும் திருகு, கருவியின்றிக் கையாலேயே கழலுமாறு இருத்தல் நலம்.