கேதார்நாத் பாதையில் மே மாதப் பனி – முன்பணம் கட்டும் முன் கொஞ்சம் கேளுங்கள்



மல்லாங்கிணறு, காரியாபட்டி பக்கத்துக் குழுக்களில் இப்போது காசி, கேதார்நாத் பேச்சு நிறையவே கேட்கிறது. பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தாச்சு, கடனும் ஓரளவு அடைஞ்சாச்சு, இனி ஒரு தடவை போயிட்டு வந்துரணும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். வீட்டையும் காட்டையும் விட்டு வெளியே போகாத பெண்கள், பத்துப் பேர் சேர்ந்து ரயில் ஏறி இமயமலை வரைக்கும் போகிறோம் என்பதே பெரிய விஷயம். ஆனால் "நடை திறக்கிற அன்னைக்கே போய் நிக்கணும்" என்று தேதி குறித்து முன்பணம் கட்டுகிறவர்களிடம்தான் நாங்கள் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நடை திறந்துவிட்டது என்றால் பாதையும் திறந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

முதலில் இந்தப் 'பனி' என்கிற வார்த்தையைப் பார்ப்போம். நம் ஊரில் பனி என்றால் மார்கழிப் பனி. விடிகாலையில் கோலம் போடும்போது முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வோம், வெயில் ஏறினால் போய்விடும். சுற்றுலா ஏற்பாட்டாளர் "மேல கொஞ்சம் பனி இருக்கும்மா" என்று சொன்னால் நமக்கு அந்தப் பனிதான் நினைவுக்கு வரும். அவர் சொல்வது வேறு. அது வானத்திலிருந்து பஞ்சு மாதிரி விழுந்து, குளிர்காலம் முழுக்கக் குவிந்து, ஆள் உயரத்துக்கும் மேலே இறுகிப்போய்க் கிடக்கிற பனி. ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டி வைக்கிற அறையின் சுவரில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதையே ஒரு மலை அளவுக்கு நினைத்துப் பாருங்கள்.

எவ்வளவு உயரம்?

நமக்குத் தெரிந்த மலையோடு ஒப்பிட்டால் சுலபமாகப் புரியும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். கேதார்நாத் கோவில் இருப்பது 3,583 மீட்டரில். நடை தொடங்கும் இடமான கௌரிகுண்டமே 1,980 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட கொடைக்கானல் உயரம். நாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கிற உயரத்தில் இருந்துதான் அங்கே ஏறவே ஆரம்பிக்கிறோம். அங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டர் ஏற்றம். ஜங்கிள்சட்டி, பீம்பலி, லிஞ்சோலி என்று இடங்கள் வரும். 2013க்கு முன்பு ராம்பாடா வழியாகப் பழைய பாதை இருந்தது. அந்த ஆண்டு ஜூன் வெள்ளத்தில் ராம்பாடாவே அடித்துக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு மந்தாகினி ஆற்றின் மறு கரையில் புதுப் பாதை போட்டார்கள்.

தாணிப்பாறையில் இருந்து சதுரகிரி ஏறியவர்கள் நம் குழுக்களில் நிறையப் பேர் உண்டு. "சதுரகிரியே ஏறிட்டேன், இது என்ன" என்று ஒரு அக்கா கேட்டார்கள். கால் வலு இருக்கிறது, சந்தோஷம். ஆனால் சதுரகிரியில் மூச்சுக்குக் காற்று முழுசாக இருக்கிறது. கேதார்நாத்தில் நம் ஊரில் கிடைக்கிற காற்றில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். கால் போகும், நெஞ்சு போகாது. அதோடு பனியும் சேர்ந்துகொண்டால்?

நடை திறந்த முதல் வாரங்களில் பாதை

கேதார்நாத் நடை திறக்கும் தேதியை மகா சிவராத்திரி அன்று உகிமட்டில் அறிவிப்பார்கள். பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே முதல் பாதியிலோ வரும். 2023இல் ஏப்ரல் 25, 2024இல் மே 10, 2025இல் மே 2. கவனியுங்கள், இது பஞ்சாங்கம் பார்த்து வைக்கிற தேதி. பனி உருகிவிட்டதா என்று பார்த்து வைப்பது இல்லை. தேதி முன்னாடி வந்தால் பனியும் அவ்வளவு அதிகமாக இருக்கும்.

திறப்பதற்குப் பல நாட்கள் முன்பே தொழிலாளர்கள் மண்வெட்டியோடு போய், லிஞ்சோலிக்கு மேலே பனியை வெட்டி வழி செய்கிறார்கள். உறைகிற குளிரில் அவர்கள் செய்கிற வேலையால்தான் நாம் நடக்கவே முடிகிறது. சில இடங்களில் இரண்டு பக்கமும் பனி சுவர் மாதிரி நிற்க, நடுவில் சந்து போல வழி இருக்கும். படத்தில் பார்க்க அழகு. ஆனால் பகலில் அந்தச் சுவர் உருகி, தண்ணீர் முழுவதும் நாம் நடக்கிற வழியில்தான் ஓடும். அதில் கோவேறு கழுதைகளின் சாணமும் சேர்ந்து சகதியாகிவிடும். ராத்திரி அந்தத் தண்ணீர் அப்படியே உறைந்துபோகும். விடிகாலையில் கண்ணாடி மேல் எண்ணெய் ஊற்றின மாதிரி இருக்கும். கீழே விழுந்து இடுப்பு, மணிக்கட்டு முறிகிறவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான் விழுகிறார்கள்.

அப்படியானால் எப்போது நடப்பது? விடிந்ததும் கௌரிகுண்டத்தில் கிளம்பினால் கீழ்ப் பகுதியில் பனி இருக்காது, பயமில்லாமல் ஏறலாம். மேலே பனி இருக்கிற இடத்துக்குப் போகும்போது வெயில் பட்டு மேல் ஐஸ் கொஞ்சம் இளகியிருக்கும். மதியத்துக்கு மேல் அந்த மலையில் மேகம் கூடி மழையோ பனியோ பெய்வது சாதாரணம். அதனால் தாமதமாகக் கிளம்புவது கூடாது. "சாயங்காலத்துக்குள்ள பாத்துக்கலாம்" என்பது நம் ஊர்த் திருவிழாவுக்குச் சரி, இங்கே ஆகாது.

இன்னொன்று, மேலே இருந்து ஓடை இறங்குகிற பள்ளங்கள். பைரவ், குபேர் என்று பாதையில் சில இடங்களைச் சொல்வார்கள். மலை மேல் குவிந்த பனி சரிந்து வருவதற்கு அதுதான் வழி. 2023இல் நடை திறந்த பிறகும் பனி விடாமல் பெய்து, புதிய பதிவுகளைப் பலமுறை நிறுத்தி வைத்தார்கள். மே முதல் வாரத்தில் பனிப்பாளம் சரிந்து பாதையே அடைபட்டது. சதுரகிரி ஓடையில் திடீரென்று தண்ணீர் வரத்து வந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். 2015 மே மாதம் அமாவாசைக்குப் போனவர்கள் காட்டாற்றில் சிக்கி உயிர்விட்டதை நம் மாவட்டம் மறக்காது. அதே மாதிரிதான் இதுவும், தண்ணீருக்குப் பதிலாகப் பனி வருகிறது. இந்தப் பள்ளங்களில் நின்று செல்போனில் படம் எடுக்க வேண்டாம், உட்கார்ந்து இளைப்பாறவும் வேண்டாம். பேசாமல் கடந்து போய்விடுங்கள். பாதையை விட்டு விலகிக் கிடக்கிற பனியில் காலே வைக்கக்கூடாது. மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் தண்ணீர் ஓடிக் குடைந்து கூடாக இருக்கும்.

நடக்க முடியாவிட்டால் குதிரையில் போகலாம் என்று நினைப்பீர்கள். போகலாம், டோலியும் உண்டு, முதுகில் கூடை கட்டித் தூக்கிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் ஐஸ் மேல் குதிரைக்கும் கால் வழுக்கும். 2025 மே தொடக்கத்தில் குதிரை, கோவேறு கழுதைகளுக்கு நோய் பரவி, சவாரியையே சில நாள் நிறுத்தி வைத்தார்கள். அதையே நம்பிப் போனவர்கள் திண்டாடினார்கள். ஹெலிகாப்டர் மேகம் வந்தால் பறக்காது. 2025 ஜூன் 15 அன்று கௌரிகுண்டம் அருகே ஒரு ஹெலிகாப்டர் விழுந்து 7 பேர் இறந்துபோனார்கள். சோன்பிரயாகில் இருந்து ரோப் கார் அமைக்க மத்திய அரசு 2025 மார்ச்சில் ஒப்புதல் கொடுத்தது. ஒப்புதல் கொடுத்தால் நாளைக்கே ஏறிப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நடந்து போகும்போது எதிரே குதிரை வந்தால் மலைச்சுவர் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கவே கூடாது. இந்த ஒன்றையாவது கூட வருகிற எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

நம் உடம்பு

2022ஆம் ஆண்டு கேதார்நாத், பத்ரிநாத், கங்கோத்ரி, யமுனோத்ரி நான்குக்கும் போனவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் அந்த ஒரு பருவத்திலேயே இறந்தார்கள். பெரும்பாலோருக்கு மாரடைப்பு போன்ற உடல்நலக் கோளாறுதான் காரணம். பனியில் சறுக்கி விழுந்தவர்களை விட, உயரம் தாங்காமல் போனவர்கள்தான் அதிகம். ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏறினால் உடம்புக்குப் பழகிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை. அதனால் குப்தகாசியிலோ கௌரிகுண்டத்திலோ ஒரு ராத்திரியாவது, முடிந்தால் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு ஏறுங்கள். "ஒரே நாளில் ஏறி இறங்கி, அடுத்த நாள் பத்ரிநாத்" என்று திட்டம் போட்டுக் கொடுத்தால் அந்தத் திட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நம் பெண்களைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ரத்தசோகை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால், கிடைக்கிற கொஞ்சக் காற்றையும் உடம்பு முழுக்கக் கொண்டு போக ஆள் இல்லாத மாதிரி. கீழே இருக்கும்போது சும்மா அசதி என்று ஓட்டிவிடுவோம். மேலே போனால் அதுவே மூச்சுத் திணறலாகும். அதனால் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துவிடுங்கள். குறைவு என்றால் மாத்திரை சாப்பிட்டுச் சரிசெய்ய நேரம் இருக்கும். பிரஷர், சர்க்கரை இருக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வாங்குகிறவர்கள், பயண நாட்களுக்கும் மேலே ஒரு வாரத்துக்குச் சேர்த்து முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாதமாக இருக்கிறவர்கள் போக வேண்டாம்.

ஏறும்போது தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் அது மலை உயரத்தின் அடையாளம். உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், மேலே போகாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் நிற்காமல் வந்தாலோ, குடித்தவர் மாதிரி தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே கீழே இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வழியில் மருத்துவ உதவி மையங்கள் உண்டு, அங்கே சொல்லுங்கள். இவ்வளவு தூரம் வந்துட்டு சாமியைப் பார்க்காமப் போறதா என்று யாரையும் இழுத்துக்கொண்டு ஏறாதீர்கள். பத்துப் பேராகப் போவதே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளத்தானே.

உடுப்பில் நம் நூல் சேலை அங்கே சரிப்படாது. நனைந்தால் காயாது, குளிரை உள்ளே இழுக்கும், குதிரைச் சேணத்தில் மாட்டும். சுடிதார், உள்ளே கம்பளி, மேலே பிளாஸ்டிக் மழைக்கோட்டு. ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், அடியில் பள்ளம் பள்ளமாகப் பிடிப்பு உள்ள ஷூ வாங்கி, ஊரிலேயே ஒரு மாதம் போட்டு நடந்து பழகுங்கள். சாக்ஸ் மூன்று ஜோடி. வெயிலில் பனி கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடி ஆடம்பரம் இல்லை. கைத்தடி கௌரிகுண்டத்திலேயே கிடைக்கும். நாப்கின் போதிய அளவு கையில் இருக்கட்டும், மேலே தேடி அலைய முடியாது.

எந்தத் தேதிக்குப் போகலாம்?

எங்களைக் கேட்டால் மே கடைசி வாரம் அல்லது ஜூன் முதல் வாரம். வழியில் பனி பெரும்பாலும் உருகியிருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டம் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஜூன் பாதிக்கு மேல் மழை. 2013 ஜூன் 16, 17இல் நடந்த பேரழிவு பெருமழையாலும், கோவிலுக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி உடைந்ததாலும் வந்தது. 2024 ஜூலை 31 இரவு பெய்த மழையில் லிஞ்சோலி, பீம்பலி பக்கம் பாதை உடைந்து ஆயிரக்கணக்கானவர்களை மீட்க வேண்டியிருந்தது. செப்டம்பர் பாதி முதல் அக்டோபர் வரை வானம் தெளிவாக இருக்கும், கூட்டமும் குறைவு. ஆனால் சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிற சகோதரிகளுக்கு அதுதான் லீவே கிடைக்காத நேரம். அவர்களுக்கு லீவு கிடைப்பது தீபாவளிக்குப் பிறகு. கேதார்நாத் நடையோ தீபாவளி முடிந்த மூன்றாம் நாளே சாத்திவிடுவார்கள் (2024இல் நவம்பர் 3, 2025இல் அக்டோபர் 23). "போனஸ் வாங்கிட்டுப் போகலாம்" என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். குளிர்காலம் முழுக்க சாமி உகிமட்டில் இருப்பார். கேதார்நாத் ஊரே ஆள் இல்லாமல் பனிக்குள் கிடக்கும்.

கடைசியாகப் பணம். குழுவில் உள்கடன் வாங்கிப் போகிறவர்கள் பலர். போவது தவறில்லை, ஆனால் பாதை அடைபட்டுத் திரும்பி வந்தாலும் தவணை நிற்காது. ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்வி கேட்டு, பதிலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பனியால் பாதை மூடினால் எத்தனை நாள் தங்க வைப்பீர்கள், அந்தச் சாப்பாட்டுச் செலவு யாருடையது? தரிசனம் முடியாவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றால் கூட யார் கீழே இறங்குவது? உத்தரகண்ட் அரசின் யாத்திரைப் பதிவு கட்டாயம், அதன் சீட்டு ஒவ்வொருவர் பெயரிலும் கையில் இருக்க வேண்டும். "அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் பயணம் போக நினைக்கிறவர்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும், ஏற்பாட்டாளர் கொடுத்த பயணத் திட்டத்தையும் எடுத்து வாருங்கள். ஒன்றாக உட்கார்ந்து நாள் வாரியாகப் பார்த்துவிடலாம்.