ஒரு வீட்டுக்கு ஒரு செடி போதும்

உலகை மிரளவைத்த நாகா மிளகாயை வீட்டிலேயே வளர்க்கலாம்

நாகாலாந்தில் ராஜா மிர்ச்சா, மணிப்பூரில் ஊமொரோக், அஸ்ஸாமில் பூத் ஜொலோகியா. வடகிழக்கு மாநில மக்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுக் கொல்லையில் வளர்த்துவரும் மிளகாய் இது. 2007இல் உலகின் மிகக் காரமான மிளகாயாகக் கின்னஸில் ஏறியது. காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்தைத் தாண்டி அந்தப் புத்தகத்தில் இடம்பிடித்த முதல் மிளகாயும் இதுதான். மறு ஆண்டே நாகாலாந்து இதற்குப் புவிசார் குறியீடு பெற்றது. 2013இல் அமெரிக்காவின் கரோலினா ரீப்பரும், 2023இல் 26.93 லட்சம் அலகோடு பெப்பர் எக்ஸும் கின்னஸ் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தன. ஆனாலும் மணத்துக்காகவே நாகா மிளகாயைத் தேடுபவர்கள் ஏராளம்.

இதன் காரத்தில் அந்த மண்ணுக்கும் மழைக்கும் பங்குண்டு. வறண்ட குவாலியரில் வளர்த்துப் பார்த்த ஆய்வில் காரம் குறைந்தது தெரியவந்தது. ஆகவே, வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் அந்த ஈரக்காற்றையும் இளநிழலையும் செடிக்கு ஏற்படுத்தித் தர வேண்டும்.

நாற்று முதல் பழம் வரை

நாட்டு மிளகாய் விதை சீக்கிரம் முளைத்துவிடும். நாகா மிளகாய் விதைக்கோ இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். விதை செத்துவிட்டது என்று தட்டைக் கொட்டிவிடாதீர்கள். தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் அரை அங்குல ஆழத்துக்குள் ஊன்றி, ஈரம் காயாமல் பாருங்கள். நான்கைந்து இலை வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். செம்மண், மட்கிய தொழுவுரம், நார்க்கழிவு மூன்றும் கலந்த மண்ணில் தண்ணீர் தேங்காது. கோடையில் நிழல்வலை அவசியம். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ கொட்டும். தழைச்சத்து அதிகமானால் இலைதான் மண்டும், காய் பிடிக்காது.

இலை சுருண்டால் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். இலைப்பேனோ சிலந்திப்பேனோ இருந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

விதைக்கென்று ஒரு கிளையைப் பூக்கும் முன்பே மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிவிடுங்கள். தேனீ வேறு மிளகாயின் மகரந்தத்தைக் கொண்டுவந்தால் இந்தப் பழத்தின் காரம் மாறாது. அதன் விதையிலிருந்து வரும் செடி மாறிவிடும்.

கை பத்திரம்

பழத்தைப் பிளந்தால் விதைகள் ஒட்டியிருக்கும் வெளிர்நிறச் சதை தெரியும். காரத்தைத் தரும் கேப்சைசின் ஊறுவது அங்கேதான், விதையில் அல்ல. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. எரிந்தால் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாய் எரிந்தால் பாலோ தயிரோ உதவும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் தொட்டியை வையுங்கள்.

ஒரு குடும்பத்தின் குழம்புக்கு இந்தப் பழத்தில் ஒரு துண்டே தாராளம். காரப் போட்டிக்காக இதைக் கடித்துத் துன்பப்படுவதில் பெருமை எதுவும் இல்லை. அளவறிந்து சமைத்து, நல்ல விதையை அக்கம்பக்கத்தாரோடு பகிர்வதே இந்த மிளகாயைக் காத்துவந்த மக்களுக்கு நாம் செய்யும் மரியாதை.