புதிய குடியிருப்புகளும் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கை எல்லையும்

தமிழ்ப்பள்ளியின் நிலையைப் பற்றி நாம் பேசும் மேடைகளில் பாடநூல், ஆசிரியர் பயிற்சி, தேர்வு அடைவு ஆகியவையே பெரும்பாலும் பேசுபொருளாகின்றன. பள்ளி எந்த இடத்தில் நிற்கிறது என்னும் கேள்வியை நில அளவையாளருக்கும் நகரத் திட்டமிடுநருக்கும் உரியது என்று ஒதுக்கிவிடுகிறோம். 1957-ஆம் ஆண்டில் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சியுள்ளன. மறைந்த பள்ளிகளில் பலவற்றை மூடியது மொழிமீது பெற்றோர் கொண்ட வெறுப்பு அன்று. பள்ளி இருந்த இடத்தில் பிள்ளைகள் இல்லாமற் போனார்கள். பிள்ளைகள் சென்று சேர்ந்த இடத்தில் பள்ளி இல்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைப் புரிந்துகொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

தோட்டத் தமிழ்ப்பள்ளி எவ்வாறு தோன்றியது என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டம் அவர்களுக்குப் பள்ளி அமைத்துத் தரவேண்டும் என்று விதித்தது. அப்பள்ளிகளின் தரம் எத்தகையது, முதலாளிகள் அக்கடமையை எவ்வளவு மனத்துடன் நிறைவேற்றினர் என்பன தனியே ஆராய வேண்டியவை. இட அமைப்பை மட்டும் பார்ப்போமாயின், அது திட்டமிடுநர் இன்றும் விரும்பும் அமைப்பே. வேலை, வீடு, கோயில், பள்ளி யாவும் ஒரே வேலிக்குள் இருந்தன. லயத்திலிருந்து பிள்ளை நடந்தே பள்ளிக்குச் சென்றது. தோட்டத்தின் எல்லையே பள்ளியின் சேர்க்கை எல்லையாகவும் இருந்தது. அதனை வரைபடத்தில் யாரும் தனியே வரைய வேண்டியிருக்கவில்லை.

அந்த எல்லை உடைந்த கதை நீண்டது. விடுதலைக்கு முன்னும் பின்னும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பின்னர் நகரங்களை ஒட்டிய தோட்டங்களில் வீடுகள் எழுந்தன. சிலாங்கூரில் எஃபிங்காம் தோட்டம் இருந்த இடத்தில் பண்டார் உத்தாமா நிற்கிறது. சீபீல்டு தோட்டம் இருந்த நிலத்தில் சுபாங் ஜெயாவின் ஒரு பெரும்பகுதி நிற்கிறது. இரு பெயர்களையும் இன்று நாள்தோறும் உச்சரிப்பவர்கள் அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் மாணவர்களே. தோட்டம் அழிந்த பின்னும் தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்பது பள்ளிதான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இவை நகரம் தம்மிடம் வந்து சேர்ந்த பள்ளிகள். உள்நாட்டில் செம்பனைக் காட்டுக்கு நடுவே நிற்கும் பள்ளிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே வேலையைச் செய்வோர் அயல்நாட்டுத் தொழிலாளராகிவிட்டனர். தமிழ்க் குடும்பங்கள் நகர்ப்புறத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. 150 மாணவருக்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி எனக் கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. எண்ணிக்கை இன்னும் மிகச் சுருங்கினால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் அமர்த்திக் கூட்டு வகுப்பு நடத்த நேரிடும். அவ்வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியரின் உழைப்பை அத்தொழிலில் உள்ளவர்களே அறிவர்.

இனி, சேர்க்கை எல்லை என்பது யாது? ஒரு பள்ளிக்கு எந்த எந்தக் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகள் வருவர் என எதிர்பார்க்கிறோமோ அப்பரப்பே அதன் சேர்க்கை எல்லை. தேசியப்பள்ளிக்கு இது பெரிதும் முகவரியைப் பொறுத்தது. வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளியில் இடம் தரப்படும். ஒரு பகுதியில் வீடுகள் பெருகினால் எல்லைக் கோட்டைச் சற்று நகர்த்தி, நிரம்பிய பள்ளியின் சுமையைப் பக்கத்துப் பள்ளிக்குப் பகிரலாம். தமிழ்ப்பள்ளியின் எல்லையை எந்த அலுவலகமும் இவ்வாறு நகர்த்த முடியாது. அங்குப் பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் தேர்வு. ஆகவே தமிழ்ப்பள்ளியின் உண்மையான எல்லை ஒரு தாய் காலையில் எவ்வளவு தொலைவு பிள்ளையை அழைத்துவர ஆயத்தமாக இருக்கிறாள் என்பதில் இருக்கிறது.

இந்த வேறுபாட்டை எண்களால் காண்பது நல்லது. வகுப்பறையில் மாணவருடன் செய்து பார்க்கத்தக்க கணக்கு இது. 3,000 வீடுகள் கொண்ட ஒரு புதிய குடியிருப்பு எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நால்வர் எனின் மக்கள் தொகை 12,000. அவர்களுள் ஒரே வயதுப் பிள்ளைகள் நூற்றுக்கு ஒன்றரை வீதம் எனக் கொண்டால், ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டில் சேர வேண்டியவர்கள் 180 பேர். இது தேசியப்பள்ளிக்கு ஐந்து வகுப்புகளுக்கு மேல். வீடுகள் நிரம்பும் முன்னரே பள்ளி தேவை என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள். அந்த 180 பேரில் நூற்றுக்குப் பத்துப் பேர் இந்தியப் பிள்ளைகள் எனில் 18 பேர். அவர்களுள் பாதிப் பேர் தமிழ்ப்பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் ஒன்பது பேர். ஆறு ஆண்டுகளையும் சேர்த்தால் 54 மாணவர். புத்தம்புதிய கட்டடத்தில், நகரத்தின் நடுவில், ஒரு குறைந்த மாணவர் பள்ளி பிறக்கும்.

விகிதங்களை மாற்றி வைத்துப் பார்க்கலாம். இடத்துக்கு இடம் அவை வேறுபடும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. அதே விகிதங்களைக் கொண்டு 150 மாணவர் என்னும் வரம்பை எட்ட வேண்டுமாயின் 8,300 வீடுகளுக்கு மேல் தேவைப்படுகின்றன. அதாவது, ஒரு தாமானுக்கு ஒரு தமிழ்ப்பள்ளி என்று கேட்பது பெரும்பாலான இடங்களில் பொருந்தாத கோரிக்கை. மூன்று நான்கு குடியிருப்புகளுக்குப் பொதுவான ஓர் இடத்தில், அவற்றை இணைக்கும் சாலையோரத்தில் ஒரு பள்ளி என்பதே பொருந்தும். மேடைகளில் முதற்கோரிக்கைக்குக் கைத்தட்டல் கிடைக்கும்; இரண்டாவதற்குக் கிடைப்பது அரிது. ஆயினும் நாம் இரண்டாவதையே பேச வேண்டியிருக்கிறது.

அவ்வாறு பேசும்போது வரைபடத்தில் கவராயத்தை வைத்து வட்டம் வரைவதில் பயனில்லை. மூன்று கிலோமீட்டர் ஆரம் என்று வட்டம் போட்டுவிடலாம். அதன் நடுவே சுங்கச்சாவடியுடன் ஒரு நெடுஞ்சாலை ஓடினால், எதிர்ப்புறத்துப் பிள்ளைக்கு அது பத்துக் கிலோமீட்டர். எட்டுக் கிலோமீட்டர் அப்பால் இருந்தும் நேர்சாலை உள்ள தாமான் அருகிலிருப்பதாகிவிடும். தந்தை வேலைக்குச் செல்லும் வழியில் பள்ளி இருக்கிறதா, பேருந்துக்காரர் அத்தெருவுக்குள் வருவாரா, மாதக் கட்டணம் எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே சேர்க்கை எல்லையைத் தீர்மானிக்கின்றன. தொலைவை அளக்கும் முறை எவ்வளவு நுட்பமானது என்பதை அண்டை நாடான சிங்கப்பூரும் காட்டுகிறது. அங்கே தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் இடம் போதாதபோது, ஒரு கிலோமீட்டருக்குள், இரண்டு கிலோமீட்டருக்குள், அதற்கு அப்பால் என்று வீடுகளைப் பிரித்து முன்னுரிமை தருகிறார்கள். 2022-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து பள்ளி நிலத்தின் எல்லைக் கோட்டிலிருந்து அத்தொலைவு அளக்கப்படுகிறது. அளக்கும் முறை மாறியதும் பல வீடுகள் அருகிலுள்ளவை ஆயின. வீடும் நகரவில்லை, பள்ளியும் நகரவில்லை.

சிங்கப்பூரிலிருந்து நாம் கற்கத்தக்க மற்றொன்று குடியிருப்புக்கும் வயது உண்டு என்பது. புதுக் குடியிருப்பில் இளந்தம்பதியர் சேர்கின்றனர். சில ஆண்டுகளில் பிள்ளைகள் பெருகுகின்றனர். இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் அதே தெருக்கள் முதியோர் வாழும் தெருக்களாகின்றன. பழைய பேட்டைகளில் மாணவர் குறைந்ததனால் அங்கே 2019-இல் 14 தொடக்கப்பள்ளிகள் ஏழாக இணைக்கப்பட்டன. அதே வேளையில் தெங்கா போன்ற புதிய நகரங்களுக்குப் பள்ளி தேவைப்படுகிறது. 2025-இல் பயனியர் தொடக்கப்பள்ளி தெங்காவுக்கு இடம்பெயர்ந்தது. பெயரும் மரபும் கொண்ட பள்ளியைப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்லும் வழி, நம் தமிழ்ப்பள்ளி வாரியங்கள் நெடுங்காலமாக அறிந்த வழியே. ஆனால் அங்கே வீட்டைக் கட்டுவதும் நிலத்தைத் தருவதும் பள்ளியை எழுப்புவதும் ஒரே அரசு.

நம் நாட்டில் அவ்வாறன்று. அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் அட்டவணைப்படி கல்வி கூட்டரசுக்கு உரியது; நிலம் மாநிலத்துக்கு உரியது. வீடுகளைக் கட்டுவது பெரும்பாலும் தனியார் மேம்பாட்டு நிறுவனம். பெரிய குடியிருப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் பெறும்போது பள்ளிக்கென நிலம் ஒதுக்கி அதனை மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்கீழ் மாநில அரசு அந்நிலத்தைப் பொதுநோக்கத்துக்கென்று வரையறுத்து வைக்கலாம். திட்ட வரைபடத்தில் அது 'பள்ளி' என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், எவ்வகைப் பள்ளி என்பது திறந்த கேள்வியாகவே இருக்கும். நிலம் கிடைத்த பிறகும் கட்டடத்துக்குப் பணம் கூட்டரசிடமிருந்து வரவேண்டும். நிலம் அரசுக்கு உரியதாயின் பள்ளி முழு உதவி பெறும் நிலைக்கு வரலாம். தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்கும் பள்ளிக்கு அவ்வாய்ப்பு இல்லை. பள்ளி மேலாளர் வாரியங்கள் நில உரிமைக்காகப் பல்லாண்டுகள் அலைவதன் காரணம் இதுவே. மூன்று கதவுகளிலும் ஒரே நேரத்தில் தட்ட வேண்டியிருக்கிறது. ஒன்று திறக்கும்போது மற்றொன்று மூடியிருக்கிறது.

இத்தாமதத்தின் விலையை நாம் போதிய அளவு உணர்ந்திருக்கிறோமா என்பது ஐயமே. குடியிருப்பில் முதலில் வந்து சேரும் குடும்பம் மூத்த பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கிறதோ அதே பள்ளிக்கு இளைய பிள்ளையையும் அனுப்பும். ஒரே வண்டி, ஒரே சீருடை, ஒரே பெற்றோர் ஆசிரியர் சங்கம். வீடுகள் நிறைந்து ஏழெட்டு ஆண்டுகள் கழித்துத் தமிழ்ப்பள்ளி திறக்கப்படுமானால், அதற்குள் அண்ணன் அக்காள் மட்டுமன்றித் தம்பி தங்கையரும் வேறிடம் சென்றிருப்பர். அதற்குள் குடியிருப்பின் பிறப்பு அலையும் தணியத் தொடங்கியிருக்கும். நாடு முழுவதிலும் பிறப்புகள் குறைந்து வருகின்றன என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். 2012-இல் 5 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. 2022-இல் ஏறத்தாழ 4 இலட்சத்து 23 ஆயிரம். இந்தப் பத்தாண்டின் இறுதியில் பள்ளி வாசலுக்கு வரப்போகிறவர்கள் அவர்கள்தாம்.

எனவே முழுப் பள்ளிக்காகக் காத்திருக்கும் காலத்தில் பாலர் பள்ளியை முதலில் கொண்டுசெல்வது அறிவுடைமை என்பது நம் கருத்து. ஒரு சமூக மண்டபத்திலோ கோயில் வளாகத்திலோ உரிய அனுமதியுடன் நடக்கும் தமிழ்ப் பாலர் வகுப்பு, அங்குள்ள குடும்பங்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தும். ஒன்பது பேரா, இருபது பேரா என்பதையும் ஊகமின்றிக் காட்டும். அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குப் பேருந்து ஏற்பாடு செய்ய அந்த எண்ணிக்கையே ஆதாரம். பேருந்து ஒன்று ஓடத் தொடங்கினால் பழைய பள்ளியின் சேர்க்கை எல்லை புதிய தாமான்வரை நீண்டுவிடும். அதற்குச் செங்கல் ஒன்றும் தேவையில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யத்தக்கது நிறைய உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் முகவரிகள் பதிவேட்டில் உள்ளன. பெயர்களை நீக்கிவிட்டு, எந்தத் தாமானிலிருந்து எத்தனை பேர் என்பதை மட்டும் ஒரு வரைபடத்தில் புள்ளியிட்டால், பள்ளியின் உண்மையான எல்லை அரைமணி நேரத்தில் கண்முன் தெரியும். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னைய புள்ளிகளையும் இட்டால் மக்கள் எத்திசையில் நகர்கின்றனர் என்பது விளங்கும். ஆறாம் ஆண்டு மாணவர்களே செய்யக்கூடிய புவியியல் பாடம் இது. அதனை ஊராட்சி மன்றத்தின் உள்ளூர்த் திட்ட வரைவின் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி அவ்வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. குறிப்பிட்ட காலத்துக்குள் எவரும் எழுத்து வழி ஆட்சேபமோ கருத்தோ தரலாம். வீடுகள் எழுந்த பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுக்கும் நாம், வரைவு மேசைமீது விரிந்திருக்கும் அந்தச் சில வாரங்களில் அங்குச் செல்வது குறைவு. பள்ளி நிலத்துக்கு நேரே ஒரு சொல்லைச் சேர்க்கக் கேட்பதற்கு அதைவிட மலிவான காலம் வேறில்லை.

இடமாற்றத்தைப் பற்றி ஒன்று எஞ்சியுள்ளது. செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு பள்ளி நகருக்குச் செல்லும்போது எண்ணிக்கை உயர்கிறது. திறப்பு விழா நடக்கிறது. படங்கள் நாளேட்டில் வருகின்றன. பழைய இடத்தில் மிஞ்சியிருக்கும் பன்னிரண்டு பதினைந்து பிள்ளைகள் அப்படங்களில் இருப்பதில்லை. பெரும்பாலும் அவர்களே மிக வறிய குடும்பத்தினர். சொந்த வண்டி இல்லாதவர்கள். நகரில் வீடு வாங்க இயலாமையால் தங்கிவிட்டவர்கள். நடந்து சென்ற பள்ளி இருபது கிலோமீட்டர் அப்பால் போய்விடுகிறது. 2003 முதல் தொடக்கக்கல்வி கட்டாயமாதலால் அவர்கள் ஏதேனும் ஒரு பள்ளிக்குச் செல்வர். அது தமிழ்ப்பள்ளியாக இருக்குமா என்பது போக்குவரத்தைப் பொறுத்தது. இடமாற்ற விண்ணப்பத்தை ஆயத்தம் செய்யும் வாரியம், புதிய இடத்தின் எதிர்பார்ப்புச் சேர்க்கையைக் கணக்கிடும் அதே தாளில், பழைய இடத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கை, அவர்களுக்கான பேருந்து, அதன் கட்டணத்தை எத்தனை ஆண்டுகளுக்கு யார் ஏற்பது என்பவற்றையும் எழுத வேண்டும். கடைசிப் பிள்ளை ஆறாம் ஆண்டை முடிக்கும் வரை அந்தப் பேருந்து ஓட வேண்டும்.