ஆறு மில்லிமீட்டர் ஆணியும் கால் அங்குல ஆணியும்

புதுச்சேரி நகரின் தெற்கே, கடற்காற்று வீசும் உப்பளத்தில் ஒரு சிறிய மோட்டார் சைக்கிள் பட்டறை. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், இறந்துபோன தன் தாத்தாவின் பழைய புல்லட்டை அங்கே தள்ளிக்கொண்டு வந்தான். எஞ்சினின் பக்க மூடியிலிருந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. சரியாகாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

மெக்கானிக் மூடியிலிருந்த ஒரு ஆணியை விரலாலேயே கழற்றினார்.

"தம்பி, இந்த போல்ட்டை யார் போட்டது?"

"நான்தாண்ணே. கடையிலே வாங்கினேன். சரியாத்தானே உள்ளே போச்சு?"

"போகும். ஆனா நிக்காது."

உள்ளே போன ஆணி ஏன் நிற்கவில்லை? மாணவ நண்பர்களே, இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் அந்த வண்டியின் பிறப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1955ஆம் ஆண்டு சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. முதலில் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரிலிருந்து பாகங்கள் கப்பலில் வந்தன. இங்கே பூட்டி வண்டியாக்கினார்கள். பிறகு பாகங்களும் படிப்படியாகத் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலேயே உருவாயின. 1970 வாக்கில் இங்கிலாந்தில் தாய் நிறுவனமே மூடப்பட்டுவிட்டது. சென்னையிலோ அதே புல்லட் ஏறக்குறைய அதே உருவத்தில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது.

வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும் இந்த வண்டிகளுக்குள் மாற்றங்கள் ஏராளம். ஆறு வோல்ட் மின்சாரம் பன்னிரண்டு வோல்ட் ஆயிற்று. வலக்காலில் இருந்த கியர் பிற்காலத்தில் இடக்காலுக்கு வந்தது. 2008 முதல், கியர்ப்பெட்டியையும் எஞ்சினையும் ஒரே கூட்டில் அடக்கிய முற்றிலும் புதிய எஞ்சின் வரத் தொடங்கியது. உருவம் மாறிவிட்ட வண்டிக்குப் பாகம் தேடுவது எளிது என்பேன். மாறாதது போல் தோன்றும் வண்டிதான் நம்மை ஏமாற்றும்.

ஒரு கணக்குப் பாருங்கள். பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 90 மில்லிமீட்டர். உருளையின் கன அளவு காணும் வாய்ப்பாட்டில் இவற்றை இடுங்கள். 346 கன சென்டிமீட்டர் வரும். 2008இல் வரத் தொடங்கிய அந்தப் புதிய 350 எஞ்சினுக்கும் இதே 70, இதே 90, இதே 346தான்! ஆகவே "எழுபது மில்லி பிஸ்டன் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினால் போதாது. பிஸ்டன் ஊசியின் விட்டம் என்ன, ஊசியிலிருந்து பிஸ்டன் தலை வரை உயரம் என்ன என்பதையும் அளந்து ஒப்பிட வேண்டும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்திருந்தால் இன்னும் ஒரு சிக்கல். அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு பெரிய பிஸ்டன் போட்டால் விட்டம் 70.5 மில்லிமீட்டர் ஆகும். கன அளவு 351ஐத் தாண்டும். பெயருக்கேற்ற 350ஐ அந்த வண்டி ஒருமுறை கடைந்த பிறகுதான் எட்டுகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பதிவுப் புத்தகத்தில் சட்டக எண், எஞ்சின் எண் என்று இரண்டு இருக்கும். வண்டியில் பொறித்திருக்கும் எண்களோடு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் ஒரு வருடத்துச் சட்டகத்தில் வேறு வருடத்து எஞ்சின் உட்கார்ந்திருப்பது உண்டு. எஞ்சின் பாகங்களைத் தேடும்போது எஞ்சின் எண்ணையே நம்புங்கள்.

இனி நம் ஆணிக்கு வருவோம். அதன் உடலைச் சுற்றி ஏறும் சுருளை மரை என்கிறோம். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் 'சைக்கிள் மரை' என்ற ஒரு வகை உண்டு. கால் அங்குல ஆணியில் ஓர் அங்குல நீளத்துக்கு 26 மரைகள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் அல்லவா? அதை 26ஆல் வகுத்தால் மரைக்கு மரை இடைவெளி 0.977 மில்லிமீட்டர். இன்று கடையில் கிடைக்கும் ஆறு மில்லிமீட்டர் ஆணிக்கு இடைவெளி சரியாக 1 மில்லிமீட்டர். வேற்றுமை ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை! அதனால்தான் ஆணி தடையில்லாமல் உள்ளே போயிற்று.

விட்டத்தைப் பாருங்கள். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். புதிய ஆணி 6 மில்லிமீட்டர். துளையின் மரைப் பற்கள் ஆணியைக் கவ்வும் ஆழம் இதனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஆணி எஃகு, மூடி பூட்டப்படும் எஞ்சின் கூடு மிருதுவான அலுமினியம். இறுக்க இறுக்க, நுனியை மட்டும் கவ்வியிருந்த அலுமினியப் பற்கள் வழிந்துபோயின. மூடி தளர்ந்தது, எண்ணெய் கசிந்தது.

பழைய ஆணி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதற்கு ஊரின் பெயரே பாதி விடை சொல்லும். எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் கடற்காற்றின் உப்பு ஈரம் படிந்தால் அது ஒரு சிறு மின்கலம் ஆகிவிடுகிறது. அலுமினியம் அரிக்கப்பட்டு, வெண்ணிறப் பொடி ஆணியைச் சிமெண்டு போல் பிடித்துக்கொள்கிறது. பையன் பலங்கொண்டு திருகியபோது ஆணியின் தலை முறிந்துவிட்டது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு ஆணிகளை மரையோடு மரை பொருந்தும்படி அருகருகே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடைவெளி ஒன்றானால் பற்கள் கடைசிவரை பொருந்தும். வேறானால் போகப்போக விலகி ஒளிக்கீற்று தெரியும். விட்டத்தை அளக்கப் பள்ளி ஆய்வகத்தின் வெர்னியர் அளவியே போதும். தேய்மானத்தால் அளவு சற்றுக் குறைந்து காட்டும், ஆனாலும் 6.35க்கும் 6க்கும் உள்ள வேற்றுமை மறையாது.

மெக்கானிக் வழிந்த துளையைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, புதிய மரை வெட்டி, எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றைச் செருகினார். அதன் உட்புறம் மறுபடியும் கால் அங்குலச் சைக்கிள் மரை. பழைய டப்பாவைக் கிளறிப் பொருத்தமான ஆணியை எடுத்து, துளிக் கிரீஸ் தடவிப் பூட்டினார். நான்காவது உதையில் எஞ்சின் இயங்கியது. மூடியின் அடியில் விரித்த செய்தித்தாள் அரைமணி நேரம் கழித்தும் காய்ந்தே இருந்தது. பையன் ஆணியின் அளவைத் தன் நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு, முகப்பு விளக்கு ஆறு வோல்ட்டா பன்னிரண்டா என்று அடுத்த கேள்வியைத் தொடங்கியிருந்தான்.