கோர்ட்டுக்குக் கதை சொல்லும் அகலப் படம்!

ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் லாரியும் பஸ்சும் மோதிக்கொண்டன என்று வையுங்கள். உடைந்த கண்ணாடி ஒரு படம், ரத்தக்கறை ஒரு படம் என்று எடுத்துத் தள்ளுவார்கள். சரி, பிரேக் தடம் எங்கே தொடங்கியது? அந்தப் படங்கள் வாய் திறக்காது!

ஒரே இடத்தில் நின்று, மெல்லத் திரும்பியபடி வரிசையாக எடுக்க வேண்டும். முந்தைய படத்தின் ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் வர வேண்டும். ஒட்டினால் மொத்த இடமும் ஒரே படம்.

பட்டாசு விபத்தில் இது இன்னும் முக்கியம். 2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். உதவிக்கு ஓடியவர்களும், பாவம், வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. இப்படி ஒரு விபத்தில் தீ எந்த அறையில் இருந்து எந்த அறைக்குத் தாவியது, கூட்டம் எவ்வளவு தள்ளி நின்றது என்பதைத் துண்டுப் படம் காட்டுமா?

2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சம்பவ இடத்தை வீடியோ எடுக்கச் சொல்கிறது. வீடியோ ஓடி மறைந்துவிடும். அகலப் படத்தில் ஜட்ஜ் விரல் வைத்தே கேட்கலாம்.

ஒரு வம்பும் உண்டு. நடமாடும் ஆள் ஒட்டுப் படத்தில் இரண்டு தடவை தெரிவார். அல்லது பாதி ஆளாக நிற்பார்! ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? ஒட்டாத அசல் படங்களையும் கூடவே வைத்தாக வேண்டும்.